படையல் இலையில் வைத்த கறி உருண்டை

பிள்ளைகளே, நான் எட்டாவதுக்கு மேல் படித்தவன் இல்லை. இருந்தாலும் இதை என் கையாலேயே எழுதி வைக்கிறேன். உங்கள் அம்மாவிடம் நான் ஒன்றை மறைத்தேன். அது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

அம்மா நெஞ்சுவலி வந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டுக்கறியையும் எண்ணெயையும் நன்றாகக் குறைக்கச் சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அவளோ, "கறி இல்லாத சோறு எனக்கு எறங்காது" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். ஆள் பாதியாக இளைத்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஓட்டும் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு நானே அடுப்படிக்குப் போனேன். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வரும் மொச்சையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி, வேகவைத்து மசிப்பேன். கொத்துக்கறி ஒரு பங்கு, மொச்சை ஒரு பங்கு. சோம்பும் பூண்டும் அரைத்துச் சேர்த்து உருட்டி, எண்ணெயில் போடாமல் இட்லிக் குண்டானில் அவிப்பேன். பிறகு தக்காளிச் சாற்றில் புரட்டி, நீங்கள் ஆசைப்பட்ட மக்ரோனியோடு கலந்துவிடுவேன்.

பெரியவளே, முதல் நாள் நீதான் கேட்டாய், "இன்னாப்பா இது, பஞ்சாட்டம் கீது?"

"பல்லு போன கெழவனுக்குச் செஞ்சது" என்று சின்னவன் சிரித்தான்.

அம்மா நாலு உருண்டை தின்றாள். "கறிக்கடைக்காரரு இப்பதான் எளங்கறியா குடுக்கறாரு" என்றாள். மொச்சை கலந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி தட்டைத் தள்ளிவிடுவாளோ என்ற பயம். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது.

அவளுடைய அப்பா இறந்த நாள் வந்தது. அவருக்குக் கறி உருண்டை என்றால் உயிர். செத்தவர் விரும்பித் தின்றதை அப்படியே இலையில் வைப்பதுதான் நம் வழக்கம். எனக்கும் அது தெரியும். ஆனால் படைத்து முடித்தபின் அந்த இலையில் இருப்பதை அவள்தானே தின்பாள் என்று நினைத்து, அன்றும் மொச்சையைக் கலந்துவிட்டேன்.

கற்பூரம் காட்டியதும் காக்காவுக்கு வைக்க ஓர் உருண்டையைப் பிட்டாள். மசியாத மொச்சை ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"இது இன்னாங்க?"

"மொச்சை."

"எத்தினி நாளா?"

"நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததிலேர்ந்து."

"என்னை ஏமாத்தினது கெடக்கட்டும். எங்கப்பாவையுமா? அவரு எழுந்து வந்து கேக்க மாட்டாருன்னுதான?"

அன்று அவள் எதையும் தொடவில்லை. மறுநாளும் என் கையால் வாங்கவில்லை. மூச்சு வாங்க அடுப்பு முன்னால் நின்று தானே கஞ்சி வைத்துக் குடித்தாள். நீங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் மக்ரோனியைத் தின்றீர்கள்.

மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீ தின்னாம பூட்டா நாங்க இன்னா பண்றது? பயந்துகினுதான் சொல்லல" என்றேன்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "பயமா கீதுன்னு சொல்லியிருந்தா நான் தின்னிருப்பேன்" என்றாள். "இனிமே சொல்லிட்டுப் போடுங்க."

இந்த வருஷம் படையலுக்கு வெறும் கறியில் இரண்டு உருண்டை மட்டும் தனியாகச் செய்தேன். கற்பூரம் அணைந்ததும் ஒன்றைக் காக்காவுக்கு வைத்தாள். இன்னொன்றை உங்களுக்கு ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தாள். தன் தட்டை எடுத்து வந்து, மொச்சை உருண்டை இருந்த சட்டி பக்கம் உட்கார்ந்தாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க?" என்றாள். "மக்ரோனியைப் போடுங்க."