நீங்க என்ற எண்

எங்கள் தீவில், டெலானிபூர் ஏற்றத்தில் ஆட்டோ திணறும் இடத்தில் அந்த ஹால் இருக்கிறது. இப்போது அதில் சிமெண்டு மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் நான் விழக் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முன்னால் கற்றுக்கொள்ளாமலே ஒருமுறை விழுந்திருந்தேன். கப்பலில் போக வேண்டிய ஹட் பேயில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது, அவளுடைய எட்டு மாதப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈர வாசலில் வழுக்கிவிட்டேன். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. உடைந்தது என் மணிக்கட்டுதான். தங்கச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு நான் கை நீட்டும்போதெல்லாம், "லாத்தா, உக்காந்துக்கிட்டு வாங்கிக்கோங்க" என்று மட்டும் சொல்வாள். எங்களில் அக்காவுக்கு லாத்தா. எனக்குப் பிள்ளை இல்லை. இந்த ஒரு பிள்ளையையும் நின்றபடி தூக்க முடியாது என்றாகிவிட்டது.

ஒரு வருஷம் போன பிறகு, ஜூடோவில் முதலில் விழத்தான் சொல்லித் தருவார்கள் என்று எங்கள் துணிக்கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். பஜார் பக்கம் ஒரு வகுப்புக்குப் போனேன். "பச்சா கிதர் ஹை?" என்றார் அங்கிருந்தவர். பிள்ளை எங்கே என்கிறார். சேர வந்தது நான்தான் என்றதும் சிரித்தார். வந்த வேகத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

டெலானிபூர் ஹாலில் ஜூடோ சொல்லிக் கொடுத்த மேடம் அதைக் கேட்கவில்லை. இந்தத் தீவுகளிலேயே, ரங்கத்தில் பிறந்து வளர்ந்த பெங்காலிப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நாளைக்கே வாருங்கள் என்றார். ஆறு வயது வாண்டும், ரிட்டயரான கப்பல் எஞ்சின்காரரும் அங்கே ஒரே வரிசை. பின் குத்தாமல் முக்காட்டை இறுக்கிக் கட்டுவது எப்படி என்று மேடமே காட்டிக் கொடுத்தார்.

விழும்போது ஜப்பான் மொழியில் எண்ண வேண்டும், ஆளுக்கு ஓர் எண். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் தொடங்க வேண்டும். வாண்டு "இச்சி" என்றது. இரண்டுக்கு "நி". என் காதில் அது "நீ" என்றுதான் விழுந்தது. எதிரே மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சொல்லிக் கொடுப்பவரைப் பார்த்து நீ என்று கத்த எனக்கு நாக்கு எழவில்லை. "நீங்க" என்று வந்துவிட்டது.

எஞ்சின்காரர் தூத்துக்குடிக்காரர். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் எல்லாருக்கும் ஹிந்தியில் விளக்கியபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றோடு நின்றிருப்பேன். மேடம் சிரிக்கவில்லை. மறுநாள் அவரே "இச்சி, நீங்க, சான்" என்று எண்ணினார். அதற்குப் பிறகு அங்கே பெங்காலி, தெலுங்குப் பிள்ளைகளுக்கும் இரண்டு என்றால் நீங்கதான். வேறு எந்த இடத்திலும் என்னை அப்படிச் சேர்த்துக்கொண்டதில்லை.

ஒரு வருஷம் முழுக்க விழுந்தேன். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் பாயை ஓங்கி அடித்து, மல்லாக்க. வீட்டுக்காரர் தைலம் தேய்த்து அலுத்துப்போனார். அந்தச் சாயங்காலங்கள் இனி வராது. மேடத்துக்கு வேலையில் தீவை விட்டு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது, வகுப்பும் நின்றது.

அடுத்த வாரமே ஹட் பேக்குக் கப்பல் ஏறினேன். ஜெட்டியில் தங்கச்சி பிள்ளையோடு நின்றாள்.

"இப்ப எனக்கு விழத் தெரியும்டி" என்றேன். "விழுந்தாலும் என் முதுகுலதான் அடிபடும். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

தங்கச்சி என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். பிள்ளை காலை உதறியது. "மே சலேகா" என்றது. தானே நடக்குமாம். மூன்று வயது ஆகப்போகிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உன்னைத் தூக்குறதுக்காகப் பெரியம்மா ஒரு வருஷமா விழுந்து எந்திரிச்சிருக்காங்க" என்றாள் தங்கச்சி, பிள்ளையிடம். "கொஞ்சம் தூக்கிக்கட்டுமே."

பிள்ளை யோசித்தது. "தோடா" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கியது. கொஞ்ச தூரம்தானாம்.