சமயநல்லூர் கணக்கு மிஸ்

பொறாமை எனக்குப் புதிதல்ல. உடன் வேலை பார்த்த டீச்சரின் பட்டுப்புடவை, கே.கே. நகரில் சொந்த வீடு கட்டிய தங்கை, இரண்டு பிள்ளை பெற்றும் உடம்பு போடாத பக்கத்து வீட்டுக்காரி என்று நான் வயிறெரிந்த இடங்கள் நிறைய. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லி எங்கள் சாமியாருக்கும் அலுத்துப் போயிருக்கும். ஆனால் ஒரு கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது ஒரே ஒரு முறைதான். முகம் கிடையாது, வெறும் கை. அதுவும் போன வருஷம், என் வீட்டு ஹாலில், என் லேப்டாப்பில்.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் பதினாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எம்.எஸ்சி., பி.எட். என் போர்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. வகுப்பில் போடப்போகிற கணக்கை முதலில் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். ஐம்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

என் மகளும் அதே பள்ளியில்தான் நாலாம் வகுப்பு வரை படித்தாள். டீச்சர் பிள்ளை என்பதால் ஆளாளுக்கு அவளை எழுப்பிக் கேள்வி கேட்டார்கள். பதில் தப்பினால், "அம்மாகிட்ட சொல்லவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்களாம். பரீட்சை அன்று காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பிறகு பரீட்சை இல்லாத நாளிலும் எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தோம். கடைசியில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, நானும் வேலையை விட்டேன். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மேசையைப் போட்டு, இனிமேல் எல்லாப் பாடமும் நானே நடத்துவது என்று முடிவு செய்தோம்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத வைத்து இவர்கள் வாயை அடைக்கிறேன் பார் என்று அன்றைக்கே மனசுக்குள் ஒரு வீம்பு ஏறிக்கொண்டது. அந்த வீம்பை மகள் தலையில்தான் இறக்கி வைத்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதற்குப் பாசம் என்று பெயர்.

வாந்தி நின்றது. தமிழ், இங்கிலீஷ், அறிவியல் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கணக்கு மட்டும் ஒரு மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லா விடையும் சரி. நான் குக்கரை இறக்கப் போய்விட்டு வந்தால் எல்லாம் தப்பு. கவனம் இல்லை என்று திட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிக்கிற சாக்கில் எங்களையே கவனித்துக்கொண்டிருந்த என் கணவர்தான் கண்டுபிடித்தார். அவள் எழுதும்போது என் புருவத்தைப் பார்க்கிறாளாம். புருவம் ஏறினால் அழிக்கிறாளாம், இறங்கினால் மேலே எழுதுகிறாளாம்.

"அவ கணக்குப் போடல. உன் மூஞ்சியப் படிக்கிறா," என்றார். "கணக்க மட்டும் ஆன்லைன்ல வேற யாராச்சும் எடுக்கட்டும். நீ கொஞ்ச நாளைக்கு அம்மாவா இரு."

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. கலெக்டர் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற மனுஷனுக்குப் பாடம் நடத்துவது பற்றி என்ன தெரியும் என்று பாத்திரங்களிடம் கேட்டேன். நாலாம் நாள் ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. எந்த வகுப்பு என்று நான்தான் தேர்ந்தெடுப்பேன். எவர் வந்தாலும் எனக்கு ஈடாக மாட்டார் என்ற தைரியம்தான் அது.

முதலில் ஒரு பெரிய கம்பெனியின் இலவச மாதிரி வகுப்பு. டை கட்டிய இளைஞர், வழவழவென்ற இங்கிலீஷ். சரியாகச் சொன்னால் திரையில் நட்சத்திரம் விழும், பலூன் பறக்கும். மகள் எட்டு நட்சத்திரம் வாங்கினாள். வகுப்பு முடிந்த பத்தாவது நிமிஷத்திலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் "மேடம், மேடம்" என்று போனில் துரத்த ஆரம்பித்தார். அடுத்தது மனக்கணக்கு வகுப்பு. பிள்ளைகள் காற்றில் விரலை ஆட்டிக்கொண்டு, யார் முதலில் சொல்வது என்று கத்தினார்கள். மகள் திரையிலிருந்து நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனாள். இரண்டிலும் குறை கண்டுபிடிப்பது எனக்குப் பலகாரம் சாப்பிடுவது போல இருந்தது.

மூன்றாவதைச் சொன்னவர், பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அம்மா. டீச்சர் எந்த ஊர் என்று விசாரித்தால் சமயநல்லூர். உலகம் பூராவும் வலை போட்டுத் தேடிவிட்டு, இரண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய ஊரில் வந்து நிற்கிறோமே என்று சிரிப்பாக வந்தது. தன் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைத்தவராம். ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளைகள்தானாம்.

அன்று மகளுக்கு எதிரே, கேமராவில் விழாதபடி உட்கார்ந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் இருந்த ஷோகேஸ் கண்ணாடியில் திரை தெரிந்தது. அந்த அம்மா போனைக் கவிழ்த்து எதிலோ கட்டியிருந்தார் போலிருக்கிறது. ஒரு நோட்டும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. மாநிறக் கை, சிவப்புக் கண்ணாடி வளையல், சுண்டுவிரலில் மைக்கறை. மூன்று பரோட்டாவைப் பாதி பாதியாகப் பிய்த்தால் எத்தனை துண்டு என்று கேட்டார். பிள்ளைகள் ஆறு என்றார்கள். கை விறுவிறுவென்று ஏதோ எழுதியது. நடுவில் நின்றது.

"அடடா, தப்பாப் போட்டுட்டேன்ல? யாராச்சும் பாத்தீங்களா?"

பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். கை தன் தப்பின் மேல் நிதானமாக ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதியது, மூன்றை அரையால் வகுத்தால் ஆறு என்று. எனக்கு என்னவோ போல இருந்தது. பி.எட். பயிற்சியில் நான் இப்படிச் செய்திருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பார்கள். அப்போதுதான் என் மகள் வாயைத் திறந்தாள்.

"வகுத்தா குறையத்தான மிஸ் செய்யும்? மூணு எப்படி ஆறாச்சு? எனக்குப் புரியல."

வெங்காயமும் கத்தியும் கையில் அப்படியே நின்றன. இரண்டு வருஷம் இந்த மேசையில் என்னோடு உட்கார்ந்தவள், ஒரு நாள்கூட என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பின்னத்தால் வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்கு என்று பத்து முறை சொல்லியிருப்பேன். பத்து முறையும் "புரிஞ்சுதும்மா" என்றாள். முகம் தெரியாத ஒருத்தியிடம், இருபது நிமிஷத்தில், புரியவில்லை என்கிறாள். அதுவும் எவ்வளவு நல்ல கேள்வி!

"எனக்கும் ரொம்ப நாளா அது புரியாமத்தான் இருந்துச்சு பாப்பா," என்றது அந்தக் குரல். "வா, பாப்போம். நீ எந்த எடத்துல நிக்கிற?"

என் வயிறு எரிந்தது. கண்ணும் எரிந்தது, அதற்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டேன். வகுப்பு முடிந்தபின் மகள் லேப்டாப்பை மூடாமல், இருண்ட திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கணவர் ஆபீஸிலிருந்து வந்து, எது நன்றாக இருந்தது என்று கேட்டார். நான் முதல் வகுப்பு என்றேன். சமயநல்லூர் அம்மா என்னாச்சு என்றார். அவர் பி.காம். என்றேன், கணக்குப் படித்தவரே இல்லை, நோட்டிலேயே தப்புத் தப்பாகப் போடுகிறார், பிள்ளைகளுக்கு ஒழுங்கு இல்லை, ஒரே கூச்சல். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அத்தனையும் சேர்ந்து ஒரு பெரிய பொய். மகளைக் கூப்பிட்டு, டை கட்டிய சார்தான் என்று சொன்னேன். அவள் என் புருவத்தைப் பார்த்தாள். "சரிம்மா," என்றாள்.

ஆறு வாரம் அந்த வகுப்பு நடந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்காதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். நட்சத்திரம் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் போதும், தப்பினால் இன்னொன்றைத் தொடலாம். எப்படி இருந்தது என்று தினமும் கேட்பேன். நல்லா இருந்துச்சும்மா என்பாள் சுரத்தில்லாமல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சுரத்தில்லாத குரல் எனக்கு இதமாக இருந்தது. என்னையும் அவள் அப்படித்தான் சகித்துக்கொண்டிருந்தாள். இப்போது எனக்குத் துணையாக டை கட்டிய சாரும் கிடைத்தார்.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம். மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே பேச்சுச் சத்தம். டீச்சர் விளையாட்டு. நானும் சின்ன வயதில் ஸ்கேலால் சுவரை அடித்து விளையாடியவள்தான். என் மகள் அதை விளையாடி நான் பார்த்ததே இல்லை. நாலு புத்தகத்தை அடுக்கி, அதன்மேல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் போன் மாதிரி நீட்டி வைத்திருந்தாள். அதற்குக் கீழே நோட்டு, அதில் அதே பரோட்டாக் கணக்கு. கையில் என் சிவப்பு வளையல்கள் இரண்டு, நழுவாமலிருக்க முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டிருந்தாள். ஒரே ஒரு நாள் பார்த்த கை. ஆறு வாரமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"அடடா, தப்பாப் போட்டுட்டேன்ல?" என்றாள் அந்த அம்மாவின் குரலில். பிறகு கீச்சுக் குரலில் ஒரு பிள்ளை, "புரியல மிஸ்." கட்டைக் குரலில் இன்னொரு பிள்ளை, "எனக்கும் புரியல மிஸ்." எல்லோருக்கும் புரியவில்லை. ஒரே கொண்டாட்டம். அப்புறம் அவள் கழுத்தை நிமிர்த்தி, புருவத்தை உயர்த்திக்கொண்டாள்.

"நேத்துதான சொன்னேன்? எத்தன தடவ சொல்றது?"

அது என் குரல். கொஞ்சம்கூடப் பிசகவில்லை. நான் வாசலில் நிற்பது தெரியாமல், அவள் மறுபடி வளையல் குலுங்க அந்த அம்மாவாக மாறினாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியில்தான் நின்றிருந்தேன். இன்னும் கொஞ்சம் வெளியே போய், மாடிப்படியில் உட்கார்ந்தேன். அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் முதலில் வந்தது கோபம்தான். நான் வேலையை விட்டு, சம்பளத்தை விட்டு, சொந்தத்தின் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க, என் பிள்ளையின் விளையாட்டில் வில்லி நான், சாமி அந்தச் சமயநல்லூர்க்காரியா? காய்ந்த துணியை எடுக்கிற நேரம்வரை அங்கேயே இருந்தேன். கோபம் ஆறியதும் மிச்சமிருந்தது ஒரே ஒரு விஷயம். அவள் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகம் பார்க்காமல், தானே, ஒரு மணி நேரமாக.

அந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். வகுப்பில் ஒரு இடம்தான் இருக்கிறது, அடுத்த வாரம் சேரலாம் என்றார். பாப்பாவுக்கு எது கஷ்டம் என்று கேட்டார். புரியாததைப் புரிந்தது என்று சொல்கிறாள் என்றேன்.

"நாம எல்லாரும் அப்படித்தான டீச்சர் படிச்சோம்," என்றார்.

அந்த நல்ல குணமும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

மகளிடம் சொன்னபோது, சந்தோஷப்படலாமா கூடாதா என்று முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். என்னால் முடிந்தவரை முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது, அதற்கு மேல் பாட்டும் கேட்டது.

இப்போது நாலு மாதமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு அவள் அறைக்குள் போய்விடுவாள். நான் உள்ளே போவதில்லை. அந்தப் பக்கமாகப் பெருக்குவேன், துடைப்பேன், இல்லாத சிலந்திவலையைத் தட்டுவேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் எரிகிறது. நோட்டு நிறையக் கோடு போட்ட தப்புகள். தப்புக்குப் பக்கத்தில் சரி. இந்த வேகத்தில் போனால் பத்தாம் வகுப்புக் கணக்கு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று என் எம்.எஸ்சி. மூளைக்குத் தெரிகிறது. தெரிந்தும் எரிகிறது. சாமியாரிடம் இதையும் சொன்னேன். ஜெபியுங்கள் என்றார், வழக்கம்போல.

போன வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து, என்னோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நடுவில் என்னை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கையில எங்க மிஸ்கிட்ட படிச்சிருந்தா, உங்களுக்கும் கணக்கு பிடிச்சிருக்கும்ல?"

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் வாயில் ஒன்று போட்டிருப்பேன். என்மேல் உண்மையாகவே இரக்கப்பட்டாள். பதினாலு வருஷம் சொல்லிக்கொடுத்து, அதற்குமுன் பதினேழு வருஷம் படித்து, சின்ன வயதில் பரீட்சை இல்லாத நாளிலும் ஆசைக்காகக் கணக்குப் போட்டவள் நான் என்பது என் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. நான் காட்டவில்லை.

"எனக்கு ரொம்பப் பிடிக்கும்டி," என்றேன்.

அவள் நம்பவில்லை. கீரைக் காம்பைக் கீழே வைத்துவிட்டு, என் முழங்கையைத் தடவிக் கொடுத்தாள்.

"பிடிக்கலன்னா சொல்லலாம்மா. தப்பில்ல."