நாங்கள் ஜெயித்த ஒரே கோப்பை

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சடங்கு உண்டு. அந்த வருஷம் அவரவர் போன இடம், செய்த காரியம், வாங்கிய பரிசு எல்லாவற்றையும் போட்டோவாகப் போட வேண்டும். மச்சினன் குடும்பம் காஷ்மீரில் பனியை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு மாரத்தான் ஓடத் தொடங்கிய சகலை, கழுத்தில் பதக்கமும் முகத்தில் மூச்சிரைப்புமாக நின்றிருந்தார்.

"நீங்களும் எதுனா போடுங்களேன். வருஷம் பூரா ஞாயித்துக்கெழமையானா ஊரு சுத்திக்கினு இருந்தீங்களே" என்றாள் என் மனைவி.

உண்மைதான். பயணம், பொழுதுபோக்கு, போட்டி மூன்றும் எனக்கும் இருந்தன. பயணம் என்றால் ஒரகடத்திலிருந்து மறைமலை நகர் வரை. பொழுதுபோக்கு என்றால் கேரம். போட்டி என்றால், நாங்கள் வந்து தோற்பதற்காக ஊர் ஊராக யார் யாரோ பந்தல் போட்டு நடத்திய விழாக்கள். போனைத் துழாவியதில் அந்த வருஷத்துக்கு ஒரே ஒரு போட்டோ தேறியது.

'நாங்கள்' என்றால் நானும் என் பார்ட்னரும். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரச்சோதனைப் பிரிவு, அவருக்கு அசெம்ப்ளி லைன். நான் இந்தப் பக்கத்துக்காரன். அவர் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, நாலு பேரோடு வாடகை அறையில் கிடந்து, பிறகு கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டவர். கேன்டீன் மூலையில் கிடக்கும் கேரம் போர்டில் எதிரெதிரே உட்கார்ந்து நாங்கள் ஜோடியாகிப் பல வருஷம் இருக்கும். அவர் ஆட்டக்காரர். அவருக்கு எதிரே உட்கார யாராவது வேண்டுமே என்று உட்கார்ந்தவன் நான். கம்பெனியில் எனக்கு நிறையப் படித்த ஆள் என்று பெயர். தடித் தடியான ரஷ்ய நாவல்களைப் படித்ததில், ஒரு தோல்வியை எவ்வளவு நீளமாகவும் விவரிக்க எனக்கு வரும். காயை நேராகக் குழிக்குள் தள்ளத்தான் வராது.

அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தபோது யாரும் பயப்படவில்லை. காரணம், கன். லைனில் நட்டு முடுக்குகிற கன்னை ஷிஃப்ட் முழுக்கப் பிடித்திருந்தால், அதைக் கீழே வைத்த பிறகும் கைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்க வருகிற லைன்காரர்களுக்கு எங்கள் கேன்டீன் மாஸ்டர் முக்கால் டம்ளர்தான் ஊற்றுவார். முழுசாக ஊற்றினால் சட்டையில்தான் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அந்த நடுக்கத்தை யூனிஃபார்ம் மாதிரி வேலையோடு வந்த ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம். அதிர்வை அளப்பதற்கென்றே கருவி வைத்திருக்கிற பிரிவில் சம்பளம் வாங்கும் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மெஷின் நடுங்கினால் ரிப்போர்ட் எழுதுவேன். மனிதர் நடுங்கியதற்கு, "ரெண்டு நாளு லீவு போட்டா செட்டில் ஆயிடும்பா" என்று வைத்தியம் சொன்னேன்.

பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனார். சேர்ந்தாற்போல் லீவு, லைன் கிடையாது. மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"வே, இங்க கன்னு இல்லவே. கை நிக்க மாட்டேங்கு."

பஸ்ஸில் உட்கார்ந்து போன களைப்பு, பனி, கரும்பு கடித்தது என்று வாய்க்கு வந்த காரணங்களை அடுக்கினேன். கரும்புக்கும் கைக்கும் என்னவே சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. சாதாரணமாக விடுகிற ஆள் இல்லை அவர்.

சென்னையில் நரம்பு டாக்டரிடம் போனோம். பார்க்கின்சன் என்றார். மெதுவாகத்தான் ஏறும், மாத்திரை இருக்கிறது, முழுசாகப் போகாது என்றார். கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, ஏதாவது விளையாட்டு உண்டா என்று கேட்டார்.

"கேரம் ஆடுவேன் சார்."

"நல்லா ஆடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு கம்பெனியில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். 'யோவ்' சேர்க்காமல் அவரிடம் ஒரு வாக்கியம்கூடப் பேசியறியாத சூப்பர்வைசர், அவரை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டு, உட்கார நாற்காலியும் கொடுத்தார். கேன்டீனில் யாராவது ஒருவர் முந்திக்கொண்டு அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார்கள். மத்தியான கேரமில் அவர் குறி வைத்தால் எதிராளிகள் குழிக்கு வழிவிட்டார்கள்.

"ஒரு மாசமா ஒருத்தன்கூட என்னைய ஏசலவே" என்றார் ஒரு நாள். "செத்தவனைப் பத்தித்தான் இப்படி நல்லதாவே பேசுவானுவ."

"அப்ப நான் ஏசட்டா?"

"நீரு ஏசினா புஸ்தகம் வாசிச்ச மாதிரில்லா இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "வெளிய போயி ஆடுவோம்வே. நம்மளத் தெரியாதவன்கூட. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடும். எவனாவது எனக்குப் பாவம் பாத்து ஒரு காயி விட்டுக் குடுத்தாம்னா அன்னையோட நிறுத்திருவோம். அப்புறம் என்னையக் கூப்பிடப்படாது."

சரி என்றேன். எங்கள் ஆட்டத்துக்கு யாரும் பாவம் பார்க்க மாட்டார்கள் என்று நம்பினேன். என் ஆட்டத்தைப் பார்த்துக் கோபம்தான் வரும்.

இந்தப் பக்கம் கேரம் போட்டிக்குப் பஞ்சமில்லை. குடியரசு தினத்துக்கு ஒன்று, மே தினத்துக்குச் சங்கத்துக்காரர்கள் நடத்துவது ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று. டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பைக்கை ஓட்டுவார். ஸ்ட்ரைக்கரும் பவுடர் டப்பாவும் இருக்கிற பையைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் வண்டியைச் செலுத்தும்போதெல்லாம் நான் மனசுக்குள் உயில் எழுதுவேன்.

மறைமலை நகரில் முதல் போட்டி. எங்களுக்கு எதிரே அண்ணன் தம்பி இருவர் உட்கார்ந்தார்கள். அண்ணன் வல்லக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். அவன் வாய் ஆட்டோவை விட வேகமாக ஓடும். தம்பிக்குப் பேச வாய்ப்பே கிடைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் வரும். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் விரலை வைத்துவிட்டால் நின்றுவிடும். ஆட்டத்துக்கு நோயும் கொஞ்சம் மரியாதை கொடுத்தது. ஆட்டோக்காரனுக்கு இது தெரியாது. பார்ட்னரின் கை போர்டு விளிம்பில் ஆடுவதைப் பார்த்தான்.

"இன்னா பெருசு, கையி வைப்ரேட் மோட்ல கீது? போனு எதுனா வருதா பாரு."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பார்ட்னர் அலட்டிக்கொள்ளவில்லை.

"ஆமாடே, ஒங்க ஆத்தாதான் கூப்பிடுதா. சோறு ஆறிப்போவுதாம். சட்டுபுட்டுன்னு தோத்துட்டு வரச் சொல்லுதா."

சொன்ன வேகத்தில் சிவப்புக் காயைப் போட்டார், அதைத் தக்கவைக்க அடுத்த அடியில் ஃபாலோவும் போட்டார். சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். பிறகு என் முறை வந்தது. நான் எதிராளியின் காயை எடுத்துக் குழியில் போட்டேன். தோற்றோம். திரும்பும் வழியெல்லாம் அவர் பைக்கில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வைப்ரேட் மோடாம்லவே! என்னமா சொல்லுதான் பாரும்!"

எல்லாப் போட்டிக்கும் அதே ஜோடிகள்தான் வருவார்கள். ஆட்டோக்காரன் தண்டலத்தில் அவரைத் திட்டினான், மே தினத்தன்று திட்டினான், சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றிய கையோடு திட்டினான். நாங்கள் எல்லா இடத்திலும் தோற்றோம். முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவதில் ஒரு வசதி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக் சாவியை என் கையில் கொடுத்தார்.

"நீரே ஓட்டும்வே. பின்னால உக்காந்தா நாலு எடம் வேடிக்கை பாக்கலாம்."

"வேடிக்கை பாக்க இன்னா கீது இங்க? காம்பவுண்டு சுவருதான்."

"செவத்தைப் பாத்துட்டுப் போறேன்."

அன்றிலிருந்து பை அவர் மடியில். நான் மெதுவாக ஓட்டினேன். லாரிகளுக்குப் பயந்துதான் என்று அவர் கேலி செய்தார். பாதி அதுதான்.

நடுக்கம் ஏறுகிறதா என்றுதான் நாங்கள் காவல் இருந்தோம். வந்தது வேறு வழியாக வந்தது. அவருடைய அடியில் விசை குறைந்தது. முன்பு சுவரில் மோதித் திரும்பி வந்து காயைத் தள்ளிய ஸ்ட்ரைக்கர், இப்போது பாதி போர்டில் களைத்து நின்றது. குரலும் தணிந்தது. முகம் இறுகி, சிரிப்பு வெளியே தெரியாமல் போயிற்று.

"இன்னா பெருசு, ஸ்ட்ரைக்கருக்கு பெட்ரோல் போடாம இஸ்துக்கினு வந்துட்டியா?" என்றான் ஆட்டோக்காரன். அன்றும் திரும்பி வரும்போது என் முதுகுக்குப் பின்னால் அவர் குலுங்கினார். முகத்தில் வராத சிரிப்பு தோளில் வந்தது.

டிசம்பரில் வல்லக்கோட்டையில் போட்டி. முருகன் கோயிலுக்குப் போய்விட்டு ஆடலாம் என்றார். சந்நிதியில் வெகுநேரம் கைகூப்பி நின்றார். கூப்பியபோதும் வலது கை இடது கையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னாபா வேண்டிக்கினே?"

"அந்த ஆட்டோக்காரன் வாயி இப்படியே இருக்கணும்னு."

அன்று எங்கள் அதிர்ஷ்டம் வேறு மாதிரி இருந்தது. ஒரு ஜோடி, கம்பெனியில் ஓவர்டைம் போட்டுவிட்டதால் வரவில்லை. இன்னொரு ஜோடி பாதி ஆட்டத்தில் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போனது. யாரையும் தோற்கடிக்காமலே இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரே அண்ணனும் தம்பியும்.

பார்ட்னர் நாற்காலியில் உட்கார இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆட்டோக்காரன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சுற்றிவந்து நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

"உக்காருங்கண்ணே."

அண்ணே. போன மாசம் வரை பெருசு. நான் பையைத் திறந்து பவுடரைத் தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னடே, சத்தத்தைக் காணோம்?" என்றார் பார்ட்னர், தணிந்த குரலில். "வாயை அடகு வச்சுட்டு வந்திருக்கியா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லண்ணே. நீங்க ஆடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கேரமில் ஜோடிகள் ஆட்டத்துக்கு நடுவில் பேசிக்கொள்ளக் கூடாது. அந்த விதியை வகுத்தவர்களுக்கு அன்று நன்றி சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஆட்டம். எங்களுக்கு ஒரு வெள்ளை, அவர்களுக்கு ஒரு கறுப்பு. கறுப்பு குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. வாயால் ஊதினாலே விழும். ஆட்டோக்காரனின் முறை. குனிந்தான், அடித்தான். ஸ்ட்ரைக்கர் கறுப்பின் பக்கமே போகவில்லை. தம்பி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

அடுத்து பார்ட்னர். வெள்ளை அவருக்கு வாகாக, குழிக்கு நாலு விரல் தள்ளிக் கிடந்தது. விரலை வைத்தார். கை நின்றது. வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு அடித்தார். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் விலகிப் போய்ப் பக்கச் சுவரில் முட்டியது. முட்டி ஓட அதற்கு விசை இல்லை. சோம்பலாகச் சரிந்து வந்து வெள்ளையின் தோளை உரசியது. வெள்ளை நகர்ந்து, குழியின் விளிம்பில் கொஞ்சம் தயங்கி, விழுந்தது.

பந்தலே கைதட்டியது. ஆட்டோக்காரன்தான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினான். கோப்பையைக் கொடுத்ததும் யாரோ என் போனை வாங்கிப் போட்டோ எடுத்தார்கள்.

டீக்கடையில் நின்றோம். "ஒண்ணு முக்கால் கிளாஸ் போடுங்க" என்று நான் கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"முழுசா ஊத்தச் சொல்லும்."

முழுசாக வந்தது. சட்டையில் கொஞ்சம் போயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"அவன் விட்டுட்டாம்வே" என்றார்.

"பவுடரு ஜாஸ்திபா. வழுக்கினு இருக்கும்."

"அதை விடும். எனக்குத் தெரியாதா." டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் தப்பாத்தாம்வே அடிச்சேன். அவன் குடுத்ததை வாங்கக் கூடாதுன்னுட்டு, செவத்தைப் பாத்து, ஓங்கித்தான் அடிச்சேன். காயி பக்கமே வரக் கூடாதுன்னு அடிச்சேன். அதையும் கை கேக்கல."

தோற்பதில் அனுபவசாலி நான். ஜெயித்துப் பழக்கமில்லை. காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பின்னால் தோள் குலுங்குகிறதா என்று வீடு வரும்வரை முதுகாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். கோப்பையை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "ஒம்ம புஸ்தக அலமாரியில வையும், அடைசலோட அடைசலா கெடக்கட்டும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். டிவி பார்த்தோம். புது நோட்டீஸ் ஒன்று டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இதையெல்லாம் குடும்பக் குழுவில் எழுத முடியாது. அதனால் அந்த ஒரே போட்டோவை மட்டும் போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம். கோப்பை அவருடைய இடது கையில். என் இளிப்பு தெளிவாக இருக்கிறது. கோப்பையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரின் எழுத்துகூடத் தெளிவு. தொங்கவிட்ட அவருடைய வலது கை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புகைபோல ஏதோ கலங்கியிருக்கிறது.

கட்டைவிரல்கள் வந்தன, பூங்கொத்துகள் வந்தன. சகலை எழுதியிருந்தார்: "வாழ்த்துகள்! போட்டோ கொஞ்சம் ஷேக் ஆயிருக்கு. வேற இருந்தா போடுங்க."

வேறு இல்லை என்று பதில் போட்டேன்.