டப்பாவுக்குத் தைத்த சட்டை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு டப்பாவுக்குப் போட்டிருந்த சட்டையைக் கழற்றியது.

டப்பா என்று அவர்தான் சொல்வார். அது காற்றிலுள்ள நுண்தூசியை அளக்கும் கருவி. காற்றின் தரத்தை ஆராயும் கூடத்தில் மகளுக்கு வேலை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, சாலையை ஒட்டினாற்போல் அப்பாவின் தையல் கடை. அதற்கு மேலே வீடு. ஓட்டுநர், நடத்துநர் எல்லோருடைய சீருடையும் அவர் கையால் தைத்ததுதான். அந்த வட்டாரத்துக்கே அவர் 'மாஸ்டர்'.

கடை வாசலுக்கு மேலே கருவியை மாட்டியது மகள்தான். படியேறும்போது அப்பா பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து மூச்சு வாங்குவதை அவள் பார்த்துவிட்டிருந்தாள். இதயத்துக்கு ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிப் பார்த்தாள்.

"கடையை யார் தலையில கட்டுறது? இருமல் நூல் தூசியால வர்றது பாப்பா. காத்து மோசம்னு உன் டப்பா சொல்லட்டும், அப்புறம் பேசலாம்."

டப்பா சொல்லவில்லை. வாரக்கணக்கில் அது சாதுவாக, கதவடைத்த அறையில் இருப்பதுபோலக் குறைந்த அளவையே காட்டிக்கொண்டிருந்தது. "உங்கப்பா கடை என்ன மலை உச்சியிலயா இருக்கு?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவரிடமெல்லாம், "நம்ம காத்து சுத்தமான காத்து, மெஷினே சொல்லிருச்சு" என்றார்.

ஒரு விடுமுறை நாளில் அவள் ஏணியோடு வந்தாள். அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே போனவள் அப்படியே நின்றாள். கருவி முழுக்க உறை. வெளிர் நிற லைனிங் துணி, ஓரம் மடித்த தையல், பக்கவாட்டில் ஒரு பொத்தான், மின்கம்பி வெளியே வரக் கச்சிதமாக ஒரு துளை.

"என்னப்பா இது?"

"கவர். வெளிய கெடக்குதே, தூசி படுமேன்னு தச்சுப் போட்டேன். விலை ஜாஸ்தியான சாமானாச்சே."

"தூசி படத்தான்ப்பா அதை அங்க மாட்டுனேன். இது காத்து போற வழியையே அடைச்சிருக்கு."

அப்பா ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து உறையைப் பார்த்தார்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா பாப்பா? நான் பாட்டுக்குப் பொத்தானுக்குக் காஜா எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

அவள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "விழுந்து தொலைக்காதே," என்று அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று.

உறையைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. சுவர்ப்பக்கம் தைத்தபோதிருந்த நிறம். சாலைப்பக்கம் கருத்திருந்தது. விரலால் தேய்த்தார், முகர்ந்தார். சோப்பில் ஊறவைத்துக் கசக்கினார். கருப்பு போகவில்லை. ஆயுள் முழுக்கத் துணியோடு கிடந்த மனிதர். எண்களை நம்பாவிட்டாலும் துணியை நம்பாமல் இருக்க முடியவில்லை.

"என் உள்ளயும் இப்படித்தான் இருக்குமா?"

அவள் பூசி மெழுகவில்லை. துணியில் தெரிவது பெரிய தூசிதான், அதைவிடப் பொடியானது துணியையும் தாண்டிப் போய்விடும் என்றாள். ஒரு தலைமுடியின் தடிமனை முப்பதாகப் பிரித்தால் வரும் அளவு. அது நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் இறங்கும், குழாய்களைப் புண்ணாக்கும், இதயத்தையும் பதம் பார்க்கும்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "அப்போ இந்த ஊசிக் காதுல கும்பலாப் போகுமா?"

"நடுவுல நின்னு அரட்டையே அடிச்சுட்டுப் போகும்ப்பா."

உறை இல்லாத கருவி அன்று மாலைக்குள்ளேயே வாய் திறந்தது. இன்ஜினை அணைக்காமல் ஓட்டுநர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அவள் கைப்பேசியில் கோடு ஏறியது. பேருந்து கிளம்பிப் போனதும் இறங்கியது. "ஜிக்ஜாக் தையலாட்டம் இருக்கே," என்றார்.

"பஸ் ஆபீசுக்கு எழுதிப் போட்டுடறேன்ப்பா."

"எழுதாதே. எதிர்ல பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிற டைம்கீப்பர் வேலைக்கு வேட்டு வச்சிடுவாங்க. அவன் சொன்னா டிரைவருங்க இன்ஜினை நிறுத்துவாங்க. அவன் பேண்ட்டு இடுப்பு பிரிக்க வந்திருக்கு. கொண்டுபோய்க் குடுத்து, போட்டுப் பாக்கச் சொல்லி, நானே பேசிக்கிறேன். வயிறு இறுக்காம இருக்கிறப்போ சொன்னாத்தான் மனுஷன் காது குடுப்பான்."

அந்த வாரம் முடியக்கூட இல்லை. துணி வெட்டும் மேசைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர். எதனால் என்று அவள் கேட்கவில்லை. ஊருக்குக் கணக்குப் போட்டு, இந்தக் காற்றால் கூடுதலாக இத்தனை பேர் என்று அவளால் சொல்ல முடியும். அந்த இத்தனை பேரில் இவர் ஒருவரா என்று எந்தக் கணக்கும் சொல்லாது. அவளுக்கு அது தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

துக்கத்துக்கு டைம்கீப்பரும் வந்திருந்தார். பழைய பேண்ட்டின் எட்டாத இடுப்பை ஊக்குக் குத்தி இழுத்துப் பிடித்திருந்தார். வெகுநேரம் நின்றார். "மாஸ்டர் கைக்கு இனி யாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தைக்கக் கொடுத்ததைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

சில நாள் கழித்து அவள் கடையைத் திறந்தாள். கொக்கியில் ஒரு பை. உள்ளே இடுப்பு பிரித்து, தைத்து, தேய்த்து மடித்த பேண்ட். அதன்மேல் டப்பாவின் உறை. அதையும் தேய்த்திருந்தார்; கருத்த பக்கம் மேலே தெரியும்படி மடித்திருந்தார்.

வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி டீக்கடைப் பக்கம் நடந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேலிருந்த கத்தரிக்கோல் அந்த அதிர்வில் மெல்ல நடுங்கியது.

அவள் பையைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். டைம்கீப்பரிடம் அப்பா பேச்சை எங்கே தொடங்கியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தாள். வயிற்றைப் பற்றிய கேலியில்தான் தொடங்கியிருப்பார். அவளுக்குக் கேலி வராது.

எதிரே டைம்கீப்பர் தன் அறை ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். பேண்ட் இன்னும் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.