நந்தகோபால் மாமா போட்ட குறுக்குப் பாதை

தருவைகுளம் கடற்கரைக்கும் எங்கள் ஊரான பசுவந்தனைக்கும் இடையில் என் நந்தகோபால் மாமாவுக்குத் தெரியாத வழி கிடையாது என்றுதான் ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் தை மாதம் அவரோடு நடந்த பிறகு, வழி தெரிவது என்றால் என்ன என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. அவரைப் பற்றிப் புரியும்படி எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

மாமா செம்மறி மேய்ப்பவர். எங்கள் பக்கம் புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிட்டால் ஆட்டுக்கு இடமில்லை. அதற்கு முன்பே மந்தையைக் கடற்கரைக்கு ஓட்டிப் போய்விடுவார். உடைமரக் காட்டிலும் உப்பளத்து ஓரங்களிலும் மேய்த்துக்கொண்டு அங்கேயே கிடப்பார். அறுப்பு முடிந்து கரிசல் காடு வெறிச்சென்று ஆனதும் பங்குனியில் திரும்பி வருவார். வழியில் பயிர் வைக்கும் சம்சாரிகளின் நிலத்தில் இரவு ஆடுகளைக் கிடை போடுவார். புழுக்கை நிலத்துக்கு உரம், சம்சாரி அளக்கும் தானியம் இவருக்குக் கூலி. மீசை முளைத்த நாளிலிருந்து இதே போக்குவரத்துதான்.

அவர் மனைவி சொர்ணத்தாய் என் அப்பாவின் தங்கை. முந்தின வருஷம் கடற்கரையில் மாமாவோடு கிடையில் இருந்தபோது அத்தைக்கு அம்மை போட்டு இடது கண் மங்கிவிட்டது. பார்வை திரும்பினால் அந்தக் கடலில் குளித்து, அங்கிருந்தே நடந்து வந்து, ஊர்க் கூட்டத்தோடு சேர்ந்து இருக்கன்குடி மாரியம்மனுக்கு, மேலெல்லாம் துளை போட்ட ஆயிரங்கண் பானை எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். பார்வை திரும்பியது.

எங்கள் ஊர்க் கூட்டம் தை கடைசி வெள்ளிக்குப் போய்ச் சேரும்படி புதன்கிழமை விடியலில் புறப்படும். ஊர் அம்மன் கோயில் வாசலில் கூட்டத்தை நடத்திப் போகும் காசிராஜன் அண்ணாச்சி எல்லோர் கையிலும் மஞ்சள் கயிற்றுக் காப்பு கட்டுவார். கட்டி முடித்ததும் நடைதான், யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். காப்பு இல்லாமல் பானை எடுத்தால் நேர்ச்சை சேராது என்று அத்தை உறுதியாக நம்பினாள். ஆக, புதன்கிழமை விடியலுக்குள் ஊரில் இருக்க வேண்டும்.

நான் ப்ளஸ் டூ முடித்து, மேற்கொண்டு என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். "சும்மாதான இருக்க, அத்தைக்குத் தொணையா நடந்து வா" என்று அப்பா என்னை அத்தையும் மாமாவும் இருந்த தருவைகுளத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார். அங்கே போனதும் நான் என் திட்டத்தைச் சொன்னேன்.

"குறுக்குச்சாலை, ஓட்டப்பிடாரம், அப்புறம் நம்ம ஊரு. பூரா தார் ரோடு மாமா. குழப்பமே இல்ல."

"பஸ்ஸு போற வழியில மனுசன் போவானாலே? ரோடு சுத்தும்" என்று மாமா ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டார். கோடு மேற்கே போனது, வடக்கே ஏறியது, திரும்ப மேற்கே வளைந்தது. "இங்கன ஊரணி. அங்கன ஒத்தப்பனை. அதுக்கங்கிட்டு நெழலு உண்டு, படுக்கலாம். திரும்ப ஒரு தண்ணி. கண்ண மூடிக்கிட்டுப் போவேன்."

"நீங்க கண்ண மூடிக்கிட்டுப் போங்க. எனக்கு இப்பத்தான் கண்ணு தெறந்திருக்கு" என்றாள் அத்தை.

"இம்புட்டு ஆட்டக் கொண்டு சேக்குதவன் ஒன்னச் சேக்க மாட்டனாட்டி?"

"ஒங்க ஆடு புதன்கிழமை காப்பு கட்டணும்னு நிக்குதா?"

அந்தக் கோடு என் தார் ரோட்டைவிடச் சுற்றுவதாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அது அவர் காடு. நான் என்ன சொல்ல?

மந்தையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, திங்கள் காலை கடலில் முங்கி எழுந்து கிளம்பினோம். பானையை நான் சுமந்தேன். குறுக்குச்சாலை வரை ஒரு சங்கடமும் இல்லை. அதைத் தாண்டியதும் மாமா ரோட்டை விட்டு இறங்கினார். இறங்கிய இடத்திலேயே நின்றார். எதிரே ஆள் உயரத்துக்குச் சோளம்.

"இது இங்கன இருக்காதே" என்றார்.

வரப்பு பிடித்து நடந்தோம். சோளம் முடிந்து பருத்தி, பருத்தி முடிந்து திரும்பவும் சோளம். ஒரு ஒற்றைப் பனை தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்து, "இது அந்தப் பனை இல்ல" என்றார். ஊரணி இருக்க வேண்டிய திக்கில் ஊரணி இல்லை. அன்று இரவு யாருடைய களத்திலோ படுத்தோம். மறுநாள் காலையில், சிவப்புச் சட்டை போட்ட சோளக்கொல்லைப் பொம்மை ஒன்றைக் கடந்தோம். வெயில் ஏறியதும் அதே பொம்மை எதிரே வந்தது.

"மாமா, இந்தக் காட்டுக்கு நீங்க வந்திருக்கீங்களா?"

"வருசா வருசம் வாரேம்லே" என்று கத்தினார். கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை வெயிலை அண்ணாந்து பார்த்து விரல் விட்டு எண்ணினாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போது மிளகாய்க் காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஏய், யாரது? ஆட்ட வெளிய பத்துங்க!"

மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்த பேபி என்ற அக்கா. அவள் நிலத்தில் மாமா எத்தனையோ தடவை கிடை போட்டிருக்கிறார்.

"ஆடு இல்ல தாயி. நாங்கதான்."

"ஆடு இல்லாம நீங்க எதுக்கு அண்ணாச்சி இங்கன வந்தீய?"

மாமா விஷயத்தைச் சொன்னார். அவள் மடியிலிருந்த மிளகாய் சிதறும்படி சிரித்தாள். "பங்குனியில வார பாதையத் தையில தேடுதீயளே! அப்பம் இது பூரா வெறுங்காடு. ஒங்க ஆடு மிதிச்ச எடமெல்லாம் பாதை. இப்பம் என் மொளகா மேலயா நடப்பீய?"

மாமா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அத்தையைப் பார்த்து, "தையில நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லட்டி" என்றார். தனக்கே அது அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது அவர் முகம்.

"ரோடு எந்தப் பக்கம்?" என்று அத்தை பேபியிடம் கேட்டாள். பேபி நாங்கள் வந்த திசையைக் காட்டினாள்.

புதன்கிழமை நாங்கள் பசுவந்தனை போய்ச் சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. அம்மன் கோயில் பூட்டிக் கிடந்தது. வாசலில் மஞ்சள் தண்ணீர்கூடக் காய்ந்துவிட்டது. அத்தை பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு கோவில்பட்டி ரோட்டில் வேகமாக நடக்கத் தொடங்கினாள். மத்தியானம் புளியமரத்தடியில் கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிடித்துவிட்டோம்.

"காப்பு கோயில் வாசல்ல கட்டுதது தாயி. ரோட்டுல வச்சுக் கட்டுத வழக்கமில்ல" என்றார் காசிராஜன் அண்ணாச்சி. அவருக்கும் வருத்தம்தான். பக்கத்தில் இருந்தவர்கள், "கட்டிவிடுங்க அண்ணாச்சி, யாரு பாக்கா?" என்றார்கள். ஒருத்தர் மாமாவைப் பார்த்து, "ஆட்டுக்காரரே வழி தப்பிட்டாராம்ல!" என்று சிரித்தார்.

"கயித்தக் குடுங்க அண்ணாச்சி. நான் திரும்பப் போயி வாசல்ல வச்சுக் கட்டிக்கிடுதேன்" என்றாள் அத்தை.

"கட்டுதது யாரு?"

"இவியதான்" என்று மாமாவைக் கை காட்டினாள்.

நான் திகைத்துப் போனேன். அவள் காலில் கொப்புளம் உடைந்திருந்தது. இங்கேயே கட்டிக்கொண்டால் என்ன? காடெல்லாம் சுற்றவைத்த ஆளை எதற்கு நம்பிக் கூப்பிடுகிறாள்? அண்ணாச்சி மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். அத்தை பானையை என்னிடமே விட்டுவிட்டு வந்த ரோட்டில் திரும்பினாள். சற்றுத் தூரத்தில் கம்மங்காட்டுக்குள் ஒரு வண்டிப்பாதை பிரிந்தது. மாமா நின்று அதைப் பார்த்தார். அத்தை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

வியாழக்கிழமை சாயங்காலம், சாத்தூர் ரோட்டில் நாங்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது இருவரும் வந்து சேர்ந்தார்கள். அத்தை மணிக்கட்டில் காப்பு இருந்தது. மாமா ஆட்டுக்குட்டியை முளைக்குச்சியில் கட்டும் முடிச்சு, அவிழவே அவிழாது. அவள் என்னிடம் கையை நீட்டிப் பானையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ரோட்டு வழியாவா வந்தீங்க மாமா?" என்று கேட்டேன்.

"ஆமாலே" என்றவர், அத்தை முன்னால் போகும்வரை பொறுத்திருந்து, என் காதருகே குனிந்தார். "ஆனாலும் சொல்லுதேன், ரோடு சுத்தத்தான் செய்யுது."