‘ளி’ வரும் சொல்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் என் மகள் கைப்பேசியில் ஏதோ சொல் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று, “அம்மா, ‘ளி’ வர்ற வார்த்தை ஒண்ணு சொல்லேன், சீக்கிரம்” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பொறுமையில்லாமல் கைப்பேசியையே கேட்டுவிட்டாள். மடமடவென்று சொற்கள் வந்து விழுந்தன. போயும் போயும் அந்த எழுத்துதானா வரவேண்டும்!

உங்களிடம் சொல்லியிருக்கிறேனோ என்னவோ, கல்யாணத்துக்கு முன் நான் கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களைக் கேட்டுத்தான் பேச வேண்டும்; போர்டில் விளக்கு எரிந்தால் எடுத்து, கேட்ட ஊருக்கு ஒயரைச் செருகி லைன் கொடுப்போம். அந்த அறைக்கென்று ஒரு வாசனை உண்டு. சூடேறிய ஒயர் வாசனையோடு எதிர்க்கடை பஜ்ஜி வாசனையும் கலந்து வரும். உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஊர்களெல்லாம் என் போர்டில். மலையடிவாரத்து ஊர்கள் என்னோடு வேலை பார்த்த மல்லிகாவின் போர்டில். அவள் கச்சிராயபாளையத்துக்காரி.

பஜ்ஜி என்றதும் விளையாட்டு ஞாபகம் வருகிறது. கால் வராத நேரத்தில் ஆடுவோம். மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு அன்றைய பேப்பரில் விரலை வைப்பாள். விரல் தொட்ட எழுத்து வருகிற சொல்லாக மாறி மாறிச் சொல்ல வேண்டும். திணறியவள் பஜ்ஜி வாங்க வேண்டும். நான் தமிழ் பி.ஏ. என்ற மிதப்பில் முதல் நாளே ‘களிறு’ என்று எடுத்து விட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இன்னா, எங்கூருல களிறு மேஞ்சிக்கினு கீதா? இன்னிக்கு வழியில கண்ணால பாத்ததச் சொல்லு” என்றாள். அன்றிலிருந்து அதுதான் சட்டம். காலையில் வருகிற வழியில் பார்த்த பொருளாக இருக்க வேண்டும். பாவம் என் பி.ஏ., அத்தோடு அது மூட்டை கட்டிக்கொண்டது.

அவள் தம்பி ஏழுமலைதான் பெரும்பாலும் அவளை சைக்கிளில் கொண்டுவந்து விடுவான். பிளஸ் டூ நல்ல மார்க்கில் தேறியவன். எந்த வேலையும் கிடைக்காமல் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்று, “அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?” என்று இடையில் புகுந்து சொல்வான். யார் தோற்றாலும் பஜ்ஜியில் பாதி அவனுக்கு.

இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டமெல்லாம் கொதித்த காலம் அது. மறியல் என்று ஊர் ஊராகப் பேச்சு. மறியலுக்குப் போவதற்கு முன் ஏழுமலை அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தான்.

“எலவனாசூர்கோட்டை பக்கம் போறோம்கா. ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டாத்தான் நம்மளத் திரும்பிப் பாப்பாங்க.”

“மரம் உன்ன இன்னாடா பண்ணிச்சு?”

“வேலை குடுக்கட்டும்கா. வெட்டுன எடத்துல நானே நட்டுத் தரேன்.”

சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தான். எனக்கு அவனைத் தடுக்கத் தோன்றவில்லை. அவன் கேட்டதில் என்ன தப்பு?

பஸ்கள் நின்றன. மல்லிகா என் அறையிலேயே தங்கிக்கொண்டாள். மறியல் தொடங்கிய மறுநாள் காலை இருவரும் நடந்து வந்தோம். ரோட்டை அடைத்துக்கொண்டு புளியமரங்கள் கிடந்தன. பச்சைக் காய்களும் உதிர்ந்த இலையுமாக ஒரே புளிப்பு வாசனை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளைகளைத் தாண்டினோம்.

பேப்பர் வரவில்லை. பஜ்ஜி சுற்றி வந்த பழைய தாளில் விரலை வைத்தாள். ‘ளி’. நடுங்கிய மனசுக்கு ஒரு பிடிமானமாகத்தான் அன்றைக்கு ஆடினோம். அவள் ‘வாளி’ என்றாள். நான் ‘பள்ளிக்கூடம்’ என்றேன். ஆளில்லாத பஸ் ஸ்டாண்டில் கூண்டோடு உட்கார்ந்திருந்த ஜோசியக்காரரின் ‘கிளி’யைச் சொன்னாள். வெட்டுப்பட்ட கிளைகளில் ஒரு அம்மா பொறுக்கிய ‘சுள்ளி’யைச் சொன்னேன். ‘வெள்ளிக் கொலுசு’ என்றாள். என் முறை வந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத் தாண்டித் தாண்டித்தான் வந்திருந்தோம். தம்பி அங்கே போயிருக்கும்போது அவளெதிரில் எப்படிச் சொல்வேன்? அவளும் அதைத்தான் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது என் போர்டில் எலவனாசூர்கோட்டை விளக்கு எரிந்தது. எடுத்தேன். மூச்சிரைக்க ஒரு ஆள்.

“கச்சிராயபாளையம் ரைஸ்மில் குடும்மா. எங்க ஏழுமலை மேல மரம் சாஞ்சிடுச்சி... செத்துப் பூட்டான்மா. அவன் வூட்டுக்குச் சொல்லணும்.”

அந்த ஊரில் போன் இருந்தது ரைஸ்மில்லில்தான். அந்த லைன் மல்லிகாவின் போர்டில்தான் இருந்தது. அவளைக் கேட்காமல் என்னால் போட முடியாது.

“இன்னா, சொல்லு. உன் முறைதான்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “எந்த ஊரு கேக்கறாங்க?”

“கச்சிராயபாளையம். ரைஸ்மில்லு. நான் போடறேன் மல்லி, நீ எழுந்துக்கோ.”

“எங்கிருந்து?”

என் போர்டில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அவளே பார்த்துக்கொண்டாள்.

“என் லைனு. நானே தரேன்.” ஒயரைச் செருகி மணி அடித்தாள். மறுமுனை எடுத்ததும், “பேசுங்க” என்றாள். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு முடிந்ததாக விளக்கு அணையும் வரை உட்கார்ந்திருந்தாள். ஒயரை உருவினாள். அப்புறம்தான் அலறினாள். ஐயோ, அந்தச் சத்தம்!

சூப்பர்வைசர் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தே கச்சிராயபாளையம் போனார். அங்கேயும் வழிநெடுக மரங்கள். அழுதுகொண்டே ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயிருக்கிறாள்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். பேப்பரும் வந்தது. அவள் விரல் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் கேட்டதில் கொஞ்சம் பிறகு கிடைத்தது. ஏழுமலையின் வயசுப் பையன்கள் சிலர் வேலைக்குப் போனார்கள். நேரடியாக டயல் செய்யும் வசதி வந்ததும் எக்ஸ்சேஞ்சின் போர்டுகளைக் கழற்றி எங்கோ ஏற்றிக்கொண்டு போனார்கள். வெட்டுக்குத் தப்பி நின்ற புளியமரங்களை, ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள் வெட்டிவிட்டார்கள்.

“இவ்ளோ ஈசியான வார்த்தை, உனக்குத் தோணலியாம்மா?” என்று மகள் கைப்பேசியை நீட்டினாள். புளி என்று முதல் வரியிலேயே இருந்தது.

பஸ் எலவனாசூர்கோட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னும் என் முறைதான். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வரை பார்த்துக்கொண்டே வந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் வெயில்தான் இருந்தது. வழியில் கண்ணால் பார்த்தால்தானே சொல்லலாம்? மல்லிகாவின் சட்டப்படி இனி அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியாது.