வாசலில் நின்ற மூச்சு

"…தெய்வம் வழி விடும்போ போலாம் அக்கா, இப்ப இறங்கண்டா," என்று கதவை மறித்தாள் பக்கத்து வீட்டுச் செல்வி.

என் மகளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மலைமேல் இருக்கும் போனக்காட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகக் காலையில் ஒரே பஸ்தான்.

"உன் தெய்வம் பஸ்ஸைப் பிடிச்சு வைக்குமாடி?"

செல்வி என் வாயைப் பொத்தினாள். அப்போதுதான் கவனித்தேன், நாய் குரைக்காமல் கட்டிலுக்கடியில் சுருண்டிருந்தது. வெளியே பனிக்குள் ஏதோ பெரிதாக மூச்சு விட்டது. ஒற்றை யானை! தும்பிக்கை வாசலில் கிடந்த என் செருப்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பனியில் மறைந்தது.

"அது நிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அறிஞ்சில்லக்கா. என்னமோ, கால் எழும்பல."

கீழே ஹாரன் கேட்டது. பனியில் பஸ்ஸும் தாமதமாகத்தான் வந்திருந்தது.

இன்றும் எதற்காவது காத்திருந்து பதறும்போது அந்த மூச்சு காதருகே கேட்கிறது. அடங்கிவிடுகிறேன்.

அன்று செல்விதான் என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் பனிக்குள் இறங்கினாள்.